தசை கூட, கொழுப்பு குறைய எந்தப் பயிற்சி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரிலிருந்து அவிநாசி போகும் வழியில் ஒரு சிறிய உடற்பயிற்சிக் கூடத்தில் காலையிலும் மாலையிலும் பயிற்சி சொல்லிக்கொடுத்து வருகிறேன். பனியன் கம்பெனி டெய்லர், கட்டிங் மாஸ்டர், தறி ஓட்டுபவர், தோட்டக்காரர், கல்லூரி மாணவர், சரவணம்பட்டிக்குக் கணினி வேலைக்குப் போய்வருபவர் எனப் பலரும் வருகிறார்கள். அவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகளாக இருப்பதால், அவற்றையும் நான் வழக்கமாகச் சொல்லும் விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

கொழுப்பைக் குறைக்க ஒரு வகை, தசையை வளர்க்க வேறு வகை என்று பயிற்சிகள் உண்டா?

கிடையாது. குறைந்த எடையை நிறையத் தடவை தூக்கினால் உடம்பு செதுக்கியது போல் ஆகும், கனமான எடையைச் சில தடவை தூக்கினால் உடம்பு பெருத்துவிடும் என்ற நம்பிக்கை எல்லா ஜிம்மிலும் இருக்கிறது. அதற்கு அடிப்படை இல்லை. தசை வளர்வது அது தாங்க வேண்டியிருக்கும் இழுவிசையால். கொழுப்பு குறைவது, உண்ணும் கலோரி செலவாகும் கலோரியைவிடக் குறைவாகப் பல வாரங்கள் தொடர்வதால். இரண்டும் வேறு வேறு கணக்குகள். ஒரு மணி நேரப் பளுப் பயிற்சியில் 70 கிலோ எடையுள்ளவருக்குச் செலவாவது தோராயமாக 200 முதல் 350 கலோரிதான்; வெளியே வந்து ஒரு பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டால் அது அப்படியே திரும்பிவிடும்.

அப்படியானால் கொழுப்பைக் குறைக்க வந்தவர் ஏன் எடை தூக்க வேண்டும்? உணவைக் குறைத்து எடை இறங்கும்போது உடம்பு கொழுப்பை மட்டும் எடுத்துச் செலவழிப்பதில்லை. தசையையும் சேர்த்தே கரைக்கிறது. பளுப் பயிற்சியும் போதிய புரதமும் இருந்தால் அந்தத் தசை இழப்பு பெருமளவு தடுக்கப்படுகிறது. ஆகவே, மெலிந்தவருக்கும் பருத்தவருக்கும் நான் கொடுக்கும் பயிற்சிப் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான். மாறுவது இலையில் விழுவது.

தசை கூடுவதும் கொழுப்பு குறைவதும் ஒரே சமயத்தில் நடக்குமா?

புதிதாகத் தொடங்குபவருக்கும், நெடுநாள் விட்டுவிட்டுத் திரும்ப வருபவருக்கும், உடம்பில் கொழுப்பு நிறைய உள்ளவருக்கும் நடக்கும். முதல் ஆறு மாதங்களில் தராசு பெரிதாக அசையாமலே பேண்ட் தளர்வதை இவர்களிடம்தான் பார்க்கிறோம். சில ஆண்டுகள் முறையாகப் பயிற்சி செய்து, ஏற்கெனவே ஒல்லியாகவும் இருப்பவருக்கு இரண்டும் சேர்ந்து நடப்பது மிக மெதுவாக இருக்கும்; அவர் ஏதாவது ஒன்றை முன்னால் வைத்துக்கொள்வது நல்லது. இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. என்பதே எல்லையாகக் கொள்ளப்படுகிறது. அதைத் தாண்டியவர்கள் முதலில் கொழுப்பைக் குறைக்கட்டும். கை கால் மெலிந்து தொப்பை மட்டும் லேசாக இருப்பவர், உணவை வெட்டாமல் முதலில் பலம் கூட்டட்டும்.

அப்படியானால் எந்தப் பயிற்சிகளைத் தேர்ந்தெடுப்பது?

பெயர்களுக்கு முன்னால் உடம்பின் அசைவுகளைப் பாருங்கள். உட்கார்ந்து எழுவது, இடுப்பை மடக்கிக் குனிந்து நிமிர்வது, நெஞ்சுக்கு முன்னால் தள்ளுவது, தலைக்கு மேல் தள்ளுவது, முன்னாலிருந்து இழுப்பது, மேலிருந்து இழுப்பது ஆகிய ஆறும் வந்துவிட்டால் பெரிய தசைகள் எதுவும் விடுபடாது. ஸ்குவாட் அல்லது லெக் பிரஸ், ரோமேனியன் டெட்லிஃப்ட், பெஞ்ச் பிரஸ், ஷோல்டர் பிரஸ், ரோயிங், லாட் புல்டவுன் அல்லது புல்லப் என்று அதே வரிசையில் ஒவ்வோர் அசைவுக்கும் ஒன்று எடுத்துக்கொண்டால் போதும். பைசெப்ஸ், டிரைசெப்ஸ், கெண்டைக்கால், பக்கவாட்டுத் தோள் ஆகியவற்றுக்குத் தனிப் பயிற்சிகள் பிறகு சேரலாம். தேர்வு அவற்றிலிருந்து தொடங்கக் கூடாது. எங்கள் கூடத்தில் பையன்கள் கண்ணாடி முன்னால் டம்பெல்லைத் தூக்கிக்கொண்டு நிற்பதில் முதல் மூன்று மாதங்களைச் செலவழித்துவிடுகிறார்கள். மொத்தத் தசையில் பெரும்பங்கு இடுப்புக்குக் கீழே இருக்கிறது.

ஒரே அசைவுக்குப் பல பயிற்சிகள் இருக்கும்போது எதை எடுப்பது என்பதற்கு மூன்று சோதனைகளை வைத்திருக்கிறேன். முதலாவது, அதில் எடையைச் சிறிது சிறிதாக மாதக்கணக்கில் கூட்டிக்கொண்டே போக முடிய வேண்டும். ரப்பர் பந்தின் மேல் நின்றுகொண்டு செய்யும் ஸ்குவாட் பார்ப்பதற்கு வித்தையாக இருக்கும். தொடை களைக்கும் முன்பே சமநிலை போய்விடும் என்பதால் அதில் எடை கூடாது. இரண்டாவது, எந்தத் தசைக்காகச் செய்கிறோமோ அதுதான் முதலில் களைக்க வேண்டும். ரோயிங் செய்யும்போது முதுகுக்கு முன்னால் கைப்பிடி நழுவினாலோ கீழ்முதுகு வலித்தாலோ, பெஞ்சில் நெஞ்சைச் சாய்த்துக்கொண்டு செய்யும் ரோயிங்குக்கு மாறிவிட வேண்டும். மூன்றாவது, மூட்டில் வலி இல்லாமல் தசை நன்றாக விரியும் அளவுக்கு முழு வீச்சில் அது முடிய வேண்டும். நெட்டையான ஒருவருக்கு ராடைத் தோளில் வைத்துச் செய்யும் ஸ்குவாட் சரிப்படாமல் போகலாம். டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து உட்கார்ந்தால் அதே ஆள் தரைவரை இறங்குவார். இந்த மூன்றில் தேறும் பயிற்சி உங்களுடையது. அடுத்தவருக்கு எது பலித்தது என்பது உங்களுக்குப் பொருட்டே இல்லை.

தேர்ந்தெடுத்துவிட்டால் குறைந்தது மூன்று மாதம் மாற்றாதீர்கள். தசை பழகிவிடும், அதனால் வாராவாரம் பயிற்சியை மாற்றிக் குழப்ப வேண்டும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். மாற்றிக்கொண்டே இருந்தால் எதிலும் எடை கூடியதா என்று தெரியவே தெரியாது.

வாரத்துக்கு எத்தனை நாள்? எத்தனை செட்?

மூன்று நாள் போதும். திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொண்டால், ஒரு நாள் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், ரோயிங். அடுத்த நாள் ரோமேனியன் டெட்லிஃப்ட், ஷோல்டர் பிரஸ், லாட் புல்டவுன். மூன்றாம் நாள் மறுபடி முதல் வரிசை. அடுத்த வாரம் இரண்டாவது வரிசையிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொன்றிலும் மூன்று செட் (நடுவில் நிறுத்தாமல் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்றுதான் ஒரு செட்). ஒரு தசைக்கு வாரத்துக்குச் சுமார் 10 செட்டும், அது இரண்டு நாட்களில் பிரிந்து வருவதும் நல்ல பலன் தரும் அளவு. தொடங்குபவருக்கு அதில் பாதியே வேலை செய்யும். பெரிய பயிற்சிகளில் செட்டுக்குச் செட் 2 முதல் 3 நிமிடம் ஓய்வு வேண்டும். அந்த நேரத்தில் போனை எடுத்தால் அது 8 நிமிடமாகும், அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒரு செட்டில் 6 தடவையா, 12 தடவையா, 20 தடவையா என்பது நினைப்பதைவிடச் சின்ன விஷயம். 5 முதல் 30 தடவை வரை எந்த எண்ணிக்கையிலும் தசை வளர்கிறது. ஆனால் செட் முடியும்போது இன்னும் 2 அல்லது 3 தடவைக்கு மேல் முடியாது என்ற நிலை வந்திருக்க வேண்டும். 12 என்று எண்ணி முடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே பேச முடிகிறது என்றால் அந்த எடை உங்களுக்குச் சுமையே இல்லை. ஸ்குவாட் போன்றவற்றுக்கு 6 முதல் 12, கைக்கும் கெண்டைக்காலுக்கும் 10 முதல் 20 என்று வைத்துக்கொள்வது வசதிக்காகத்தான்.

எடையை எப்போது, எவ்வளவு கூட்டுவது?

8 முதல் 12 தடவை என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று செட்டிலும் 12 வந்துவிட்டால் அடுத்த முறை மிகச் சிறிய அளவு கூட்டுங்கள்; எண்ணிக்கை மறுபடி 8 அல்லது 9க்கு இறங்கும், அங்கிருந்து ஏறி வாருங்கள். நாள், பயிற்சி, எடை, எத்தனை தடவை என்ற நான்கையும் ஒரு 40 பக்க நோட்டில் எழுதி வைக்க வேண்டும். நோட்டு எழுதாதவர்கள் ஓராண்டாக அதே 20 கிலோவைத் தூக்கிக்கொண்டிருப்பதை அவர்களே அறியமாட்டார்கள்.

இதில் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. எங்கள் கூடத்துக்குப் பழைய பிளேட்டுகளை ஓர் இடத்தில் மொத்தமாக வாங்கியிருந்தோம். ஒரு பையன் பெஞ்ச் பிரஸ் செய்யும்போதெல்லாம் ராடு இடப்பக்கம் சாய்ந்தது. இடது தோள் பலவீனம் என்று முடிவு கட்டி, இரண்டு மாதம் அந்தக் கைக்குத் தனிப் பயிற்சி கொடுத்தேன். ஒரு நாள் சந்தேகம் தட்டி, 10 கிலோ என்று வார்ப்பில் எழுதியிருந்த இரண்டு பிளேட்டுகளையும் பக்கத்துத் தேங்காய் மண்டி மின்தராசில் வைத்தோம். ஒன்று 9 கிலோ 400 கிராம். மற்றது 10 கிலோ 700. அந்தப் பையன் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. இப்போது எல்லாப் பிளேட்டிலும் உண்மை எடையை வெள்ளைப் பெயின்டால் எழுதியிருக்கிறோம்.

சிறிய பிளேட் இல்லாத ஜிம்முக்கும் ஒரு வழி உண்டு. கோவையில் கணபதி, பீளமேடு பக்கத்து லேத் பட்டறை ஏதேனும் ஒன்றில் 10 செ.மீ. விட்டமும் 1 செ.மீ. கனமும் உள்ள இரும்பு வட்டு கடைந்து வாங்கினால், நடுத்துளை போக அரைக் கிலோவுக்குச் சற்று மேல் வரும். இரண்டு பக்கமும் மாட்டினால் ஒரு கிலோ கூடும். ஷோல்டர் பிரஸ்ஸில் ஒரே தாவலில் 5 கிலோ கூட்ட முடியாமல் நின்றுபோனவர்கள் இதனால் நகர்ந்திருக்கிறார்கள்.

மெஷின் நல்லதா, ராடும் டம்பெல்லும் நல்லதா?

தசைக்கு வித்தியாசம் தெரியாது. தனியாகப் பயிற்சி செய்பவருக்கும் வயதானவருக்கும் மெஷின் பாதுகாப்பு; ராடில் பழகினால் எங்கு போனாலும் செய்யலாம். கலந்து செய்யுங்கள்.

ஜிம் போக வசதி இல்லை. வீட்டிலேயே தண்டாலும் பஸ்கியும் எடுத்தால் போதாதா?

தொடக்கத்துக்குப் போதும். தண்டால் நல்ல பயிற்சி. 25, 30 என்று எளிதாக வரும்போது காலைத் திண்ணை மேல் வைத்துச் செய்தால் மறுபடி கடினமாகும். பஸ்கிக்கு அப்படி எடை கூட்டுவது கடினம் என்பதால், ஒற்றைக் காலில் செய்வதும், முதுகில் பையைச் சுமந்து செய்வதும் வேண்டியிருக்கும். வீட்டுப் பயிற்சியில் எல்லோரும் விட்டுவிடுவது இழுக்கும் அசைவு. தண்டால் மட்டும் நூறு நூறாக எடுத்து முதுகுக்கு ஒன்றும் செய்யாதவர்களை அடிக்கடி பார்க்கிறேன். தோட்டத்துச் சாளையில் குறுக்கே ஓர் இரும்புக் குழாய் பதித்துக்கொண்டால் புல்லப் எடுக்கலாம். அதையே இடுப்பு உயரத்தில் கட்டினால், குதிகாலை ஊன்றிச் சாய்ந்து நெஞ்சைக் குழாய்க்கு இழுக்கலாம். மணல் நிரப்பிய உரச்சாக்கைக் குனிந்து இழுத்தால் அதுவே ரோயிங். 20 கிலோவில் தொடங்கி ஒவ்வொரு படி மணலாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

தொப்பைக்கு மட்டும் தனிப் பயிற்சி சொல்லுங்கள்.

இல்லாததைச் சொல்ல முடியாது. வயிற்றுப் பயிற்சி வயிற்றுத் தசையை வளர்க்கும். அதன் மேலிருக்கும் கொழுப்பை அங்கிருந்து மட்டும் எடுக்காது. எங்கிருந்து முதலில் குறையும் என்பது பிறவியோடும் ஹார்மோன்களோடும் வருவது. பல ஆண்களுக்குத் தொப்பைதான் கடைசியில் போகும்.

நாள் முழுக்க உடலுழைப்புதான். எனக்கு எதற்குத் தனியாகப் பயிற்சி?

இந்தக் கேள்வியை மரியாதையோடு எடுத்துக்கொள்கிறேன். பல்லடம், சோமனூர் பக்கம் தறிக்கூடத்தில் பன்னிரண்டு மணி நேரம் நடந்துகொண்டே இருப்பவர், திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் மிஷின் மிதிப்பவர், தேங்காய் உரிப்பவர் யாரும் சோம்பேறிகள் இல்லை. ஆனால் வேலை தரும் சுமை ஆண்டுக்கணக்கில் ஒரே அளவில் இருக்கிறது; உடம்பு அதற்குப் பழகியதும் தசை வளர்வது நின்றுவிடுகிறது. அதோடு வேலை ஒரே பக்கத்தை, ஒரே அசைவைக் கேட்கிறது. டெய்லருக்குக் கழுத்தும் மேல்முதுகும் கூனிப்போய், பின்தொடைக்கு வேலையே இல்லாமல் இருக்கும்; அவருக்கு ரோயிங்கும் ரோமேனியன் டெட்லிஃப்டும் மருந்து போல. உரிப்புக் கம்பியில் நாள் முழுக்கக் குனிபவருக்கு அதே டெட்லிஃப்டை நான் முதல் மாதம் தருவதில்லை. லெக் பிரஸ்ஸும் நெஞ்சைச் சாய்த்துச் செய்யும் ரோயிங்கும் தருகிறேன்.

உழைப்பாளிகளுக்கு வாரம் இரண்டு நாள், 40 நிமிடம் என்பதே சரியான அளவு. ஒன்றரை ஷிப்ட் பார்த்த இரவில் பயிற்சிக்கு வராமல் தூங்கப் போவது அதைவிட நல்லது. தூக்கம் 5 மணி நேரமாகக் குறையும்போது, இறங்கும் எடையில் தசையின் பங்கு கூடுகிறது.

உணவில் என்ன மாற்ற வேண்டும்?

முதலில் புரதம். சாதாரண இந்தியருக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் என்பது பரிந்துரை. பளுப் பயிற்சி செய்பவருக்குச் சுமார் 1.6 கிராம் வேண்டும். 70 கிலோ எடையுள்ளவருக்கு 112 கிராம். உடல் பருமன் அதிகமுள்ளவர் அடைய விரும்பும் எடையை வைத்துக் கணக்கிடட்டும். காலையில் இட்லி, மதியம் சாதமும் குழம்பும் பொரியலும், இரவில் தோசை, நடுவே இரண்டு டீ என்ற நம் வழக்கமான சாப்பாட்டில் 40 கிராம் தேறினால் அதிகம். மீதியை எங்கே பிடிப்பது? நாமக்கல் பக்கத்திலேயே இருக்கிறது: நான்கு முட்டையில் சுமார் 24 கிராம். 50 கிராம் சோயா சங்ஸில் 26 கிராம். 60 கிராம் கொள்ளைக் கடைந்தால் 13 கிராம். 300 மில்லி பாலில் 10 கிராம். கூட்டிப் பாருங்கள், 113 வருகிறது. அசைவம் சாப்பிடுபவருக்குச் சமைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் சுமார் 30 கிராம் கிடைக்கும். பள்ளிபாளையம் சிக்கனாகச் செய்தாலும் அதே புரதம்தான், ஆனால் எண்ணெயையும் தேங்காய்ப் பல்லையும் கணக்கில் எழுத வேண்டும்.

அரிசிம்பருப்பைப் பற்றித் தனியாகக் கேட்கிறார்கள். நல்ல சாப்பாடு, வீட்டில் அரிசி மூன்று பங்கு, பருப்பு ஒரு பங்கு என்று போடுவதைப் பாதிக்குப் பாதியாக மாற்றினால் புரதம் கணிசமாக உயரும். மேலே ஊற்றும் நெய்யும் தேங்காய் எண்ணெயும்தான் கை மீறுபவை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. வாரத்துக்கு அரைக் கிலோ கொழுப்பு குறைய நாளொன்றுக்கு 550 கலோரி துண்டு விழ வேண்டும். எண்ணெயில் இரண்டு மேசைக்கரண்டியும் சாதத்தில் ஒன்றரைக் கரண்டியும் குறைத்து, டீயில் சர்க்கரையை விட்டாலே அதன் பெரும்பகுதி வந்துவிடும். நாட்டுச்சர்க்கரை போட்டால் கணக்கில் சேராது என்று நினைக்க வேண்டாம். கலோரி ஏறத்தாழ அதேதான்.

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பது பழமொழி. கொள்ளு ரசம் குடித்தால் கொழுப்பு உருகும் என்று இதற்குப் பொருள் கொள்கிறார்கள். கொள்ளில் புரதமும் நாரும் அதிகம், பசி தாங்கும், எள்ளில் இருக்கும் எண்ணெய் அதில் இல்லை; பழமொழி சொல்வது அந்த அளவுக்குச் சரி. வடிகட்டிய ரசத்தில் இவை அதிகம் இறங்குவதில்லை என்பதால், கடைந்த கொள்ளையே சாப்பிடுங்கள்.

கார்டியோ செய்ய வேண்டுமா?

இதயத்துக்காகச் செய்ய வேண்டும். வாரத்துக்கு 150 நிமிட வேக நடை நல்ல அளவு. கோவையில் ரேஸ்கோர்ஸ் சுற்றிலும் நடக்கலாம், வாரம் ஒரு முறை சென்னிமலையின் 1320 படிகளில் ஏறலாம். படியேறிய மறுநாள் ஸ்குவாட் வைக்காதீர்கள்.

பெண்கள் எடை தூக்கினால் உடம்பு ஆண்களைப் போல ஆகிவிடாதா?

ஆகாது. அதற்கு வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் பெண்களுக்கு ஆண்களின் அளவில் சிறு பங்குதான் இருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு அடர்த்தி குறைவதால், பளுப் பயிற்சி ஆண்களைவிடப் பெண்களுக்கே அவசரமாகத் தேவை என்பது என் கருத்து. பயிற்சிப் பட்டியல் ஒன்றே.

"ஏனுங்க, பஸ்கி எடுத்தா முட்டி தேஞ்சு போயிருமாங்க?"

ஐம்பது தாண்டிய ஒருவராவது மாதந்தோறும் இப்படிக் கேட்கிறார். தேயாது, தொடைத் தசை வலுத்தால் முட்டிக்குத் தாங்கல் கூடும். ஏற்கெனவே வலி உள்ளவர் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் தொடங்கி, வலி இல்லாத ஆழம்வரை மட்டும் இறங்கட்டும். வீக்கமோ, மடக்கும்போது சிக்கிக்கொள்வதோ இருந்தால் எலும்பு மருத்துவரைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் இருக்கின்றன. செய்யலாமா?

செய்வது நல்லது, வேலை செய்யும் தசை ரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. ஆனால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். இன்சுலினோ சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவருக்குப் பயிற்சிக்குப் பின் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். எடையைத் தூக்கும்போது மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும் என்பதால், தள்ளும்போது மூச்சை விடப் பழகுங்கள். சர்க்கரையால் விழித்திரையில் ரத்தக்கசிவு உள்ளவர்கள் கண் மருத்துவர் அனுமதிக்கும்வரை கனமான எடையைத் தொடக் கூடாது.

புரதப் பவுடர், கிரியேட்டின், ஊசி?

பவுடர் என்பது பெரும்பாலும் பாலிலிருந்து பிரித்த புரதம். சாப்பாட்டில் கணக்கு நிறைந்தால் தேவையில்லை. கிரியேட்டின் நாளுக்கு 3 முதல் 5 கிராம் எடுத்தால் பலம் சற்றுக் கூடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு வேண்டாம். தசைக்காகப் போடும் ஸ்டீராய்டு ஊசியைப் பற்றி ஒரே விடை: அது உடம்பின் சொந்த ஹார்மோன் சுரப்பை நிறுத்திவிடும், விரை சுருங்கும், இதயம் கெடும். அதைப் பற்றி என்னிடம் கேட்பவரை நான் வெளியே அனுப்புவதில்லை, உட்காரவைத்து இதைச் சொல்கிறேன்.

எவ்வளவு நாளில் மாற்றம் தெரியும்?

முதல் ஒரு மாதத்தில் பலம் கூடுவது தசையால் இல்லை, நரம்புகள் பழகுவதால். கண்ணுக்குத் தெரியும் தசை 8 முதல் 12 வாரத்தில். தராசு ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் நீரால் ஒரு கிலோ வரை ஆடும். கல்யாண விருந்துக்குப் போய்வந்த மறுநாள் ஏறிப் பார்த்து மனம் உடைய வேண்டாம். வாரத்துக்கு மூன்று நாள் காலையில், வெறும் வயிற்றில் பார்த்துச் சராசரி எடுங்கள். இடுப்புக்கு டெய்லர் டேப் போதும்: மூச்சை விட்டபின், தொப்புளுக்கு நேராக, பதினைந்து நாளுக்கு ஒரு முறை. திருப்பூரில் டேப் இல்லாத வீடே இருக்காது. நோட்டில் எடை ஏறுகிறது, டேப்பில் செ.மீ. இறங்குகிறது என்றால் பயிற்சித் தேர்வு சரி. டேப் இறங்கி நோட்டிலும் எடை இறங்கினால் சாப்பாட்டை அளவுக்கு மீறி வெட்டியிருக்கிறீர்கள். நாளொன்றுக்கு ஒரு கரண்டி சாதமும் ஒரு முட்டையும் திரும்பச் சேர்த்து இரண்டு வாரம் பாருங்கள்.